நெல்லைப் பக்கம் குடும்பத்தோட ஒருநாள் பிக்னிக்: புதுசா வந்தவங்களுக்குப் படிப்படியா ஒரு வழிகாட்டி

கல்யாணம் ஆகி பாளையங்கோட்டைக்கு வந்து நாலு வருஷம் ஆச்சு. இந்த நாலு வருஷத்துல குடும்பத்தோட பிக்னிக்னு கிளம்பி ரெண்டு தடவை பாதி வழியில திரும்பி வந்திருக்கோம். ஒரு தடவை ஆடி அமாவாசை நேரம்னு தெரியாம பாபநாசம் போய், வண்டியை உள்ள விடலைன்னு ரோட்டோரத்துல புளியோதரையைப் பிரிச்சு சாப்பிட்டோம். இன்னொரு தடவை மலைக்கு மேல ராத்திரி பேஞ்ச மழையில அருவியில குளிக்கத் தடைன்னு சொல்லிட்டாங்க, பிள்ளைங்க அழுத அழுகை இன்னும் காதுல இருக்கு. இந்த ஊர்ல இடத்துக்குப் பஞ்சமே இல்லைங்க, எந்த இடம் யாருக்கு எந்த மாசத்துல ஒத்து வரும்னு சொல்ற ஆளுதான் கிடைக்கலை. மாத்தலாகி வந்தவங்க, கல்யாணம் ஆகி வந்தவங்க, லீவுக்கு வர்றவங்க எல்லாருக்கும் உதவும்னு நாங்க பட்டுத் தெரிஞ்சுகிட்டதை அப்படியே எழுதுறேன்.

1. மொதல்ல ஆளை எண்ணுங்க, இடம் அப்புறம்

எல்லாரும் "எங்க போகலாம்"னுதான் ஆரம்பிப்பாங்க, நாங்களும் அப்படித்தான் ஆரம்பிச்சோம், அது தப்பு. வர்றவங்கள்ல யாரால ரொம்ப நடக்க முடியாது, யாரு சின்னப் பிள்ளை, யாருக்கு வண்டியில வாந்தி வரும், இதை மொதல்ல ஒரு தாள்ல எழுதுங்க. எங்க கூட்டம் 13 பேரு. அதுல என் வீட்டுக்காரரோட ஆச்சிக்கு எம்பது வயசு, முட்டுவலி. மதினியோட குட்டிக்கு ஒன்றரை வயசு. இந்த ரெண்டு பேருக்கும் எந்த இடம் சரியா வருமோ அதுதான் எங்க 13 பேருக்கும் சரியான இடம்னு முடிவு பண்ணினதுக்கு அப்புறம்தான் எங்க பயணம் உருப்பட்டுச்சு. வாலிபப் பசங்களுக்குப் பிடிச்ச இடத்தைத் தேர்ந்தெடுத்தா ஆச்சி நாள் பூரா வேனுக்குள்ளேயே உக்காந்திருப்பாங்க, அது பிக்னிக் இல்லை.

2. மாசத்தைப் பாருங்க

ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவமழை, அதுல ஆகஸ்ட் வரைக்கும் குற்றாலத்துல சாரல் சீசன். கிளைமேட் சொர்க்கம் மாதிரி இருக்கும், ஆனா சனி ஞாயிறுல அருவிக்கு அடியில நிக்க வரிசை, பார்க்கிங்குக்கு அல்லாட்டம். கைக்குழந்தையோட போறவங்க திங்கள்ல இருந்து வியாழனுக்குள்ள ஒருநாள் லீவு போட்டாவது போங்க. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை, நம்ம பக்கம் நல்லா பேயுறது அப்பதான், 2023 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. அந்த மூணு மாசம் ஆறு, அருவின்னு பிளான் போடாதீங்க. கார்த்திகை, மார்கழியில ஐயப்ப சாமிமாரும் குற்றாலத்துக்கு நிறைய வருவாங்க.

என்னைக் கேட்டா பொங்கல் முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு, அதாவது ஜனவரி கடைசியில இருந்து மார்ச் நடு வரைக்கும்தான் குடும்பத்துக்கு ஏத்த காலம். ஆத்துல தண்ணி தெளிஞ்சு ஓடும், வெயில் கடிக்காது, வயக்காடு பச்சையா கிடக்கும். ஏப்ரல், மே மாசம் போகணும்னா காலையில ஆறு மணிக்கே கிளம்பிரணும்.

முதல் தடவை போறவங்க ரெண்டு நாளைக் கண்டிப்பா தவிர்க்கணும். ஒன்னு காணும் பொங்கல், ஊரே ஆத்தங்கரையிலதான் இருக்கும். இன்னொன்னு ஆடி அமாவாசை. பாபநாசத்துக்கு மேல மலையில இருக்க காரையார் சொரிமுத்து அய்யனார் கோயில் திருவிழாவுக்காக அந்த நாட்கள்ல பாபநாசத்துக்கு மேல தனியார் வண்டியை விட மாட்டாங்க, கீழ நிறுத்திட்டு கவர்மெண்ட் பஸ்லதான் போகணும். காலண்டர்ல அமாவாசை என்னைக்குன்னு பார்த்துக்கிட்டா போதும், நாங்க அதைப் பார்க்கலை.

3. எந்த இடம் யாருக்கு

நடக்க முடியாத பெரியவங்க இருந்தா: திருப்புடைமருதூர். வீரவநல்லூர்ப் பக்கம் உள்ள பிரியணும். தாமிரபரணியும் கடனா நதியும் சேர்ற இடம், நாறும்பூநாதர் கோயில், பக்கத்துலயே படித்துறை, மருத மரத்து நிழல். எங்க ஆச்சி படியில உக்காந்து ரெண்டு காலையும் தண்ணிக்குள்ள விட்டுட்டு, பொடி மீன் வந்து பாதத்தைக் கொத்தக் கொத்த சின்னப்பிள்ளை மாதிரி சிரிச்சாங்க, ஒரு மணி நேரம் ஆகியும் எந்திரிக்கவே இல்லை, அவங்க அப்படிச் சிரிச்சு நான் அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்லை. இங்க ஒரு விஷயம், மரத்துல பறவைங்க கூடு கட்டுற ஊரு இது, பறவைங்களுக்காக அரசாங்கமே பாதுகாத்து வச்சிருக்க இடம், அதனால ஸ்பீக்கர் வச்சுப் பாட்டுப் போடுறது, வெடி வெடிக்கிறது எல்லாம் வேண்டாம். மத்தியானம் கோயில் நடை சாத்திருவாங்க, சாமி கும்பிடணும்னா காலையிலேயே முடிச்சிருங்க.

அருவியில குளிச்சே ஆகணும்னா: பாபநாசம் அகஸ்தியர் அருவி. திருநெல்வேலியில இருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். மத்த அருவியெல்லாம் கோடையில வத்தினாலும் இங்க பெரும்பாலும் வருஷம் பூரா தண்ணி விழும். ஆண்கள் பெண்கள் தனித்தனியா குளிக்கலாம், பிடிச்சுக்கக் கம்பி இருக்கு. ஆனா வண்டி நிறுத்துற இடத்துல இருந்து கொஞ்சம் நடக்கணும், பாறை வழுக்கும். முட்டுவலிக்காரங்களைக் கீழ பாபநாச சாமி கோயில் படித்துறையில ஒரு ஆள் துணையோட விட்டுட்டு மத்தவங்க மேல போயிட்டு வரலாம். அந்தப் படித்துறையில மீனுக்குப் பொரி போடுறதே பிள்ளைங்களுக்குப் பெரிய கொண்டாட்டம்.

நடக்கத் தொடங்கின பிள்ளைங்க நிறைய இருந்தா: மணிமுத்தாறு அணை. அணையையும் பூங்காவையும் சுத்திப் பார்க்கலாம். அருவி அதுக்கு மேல காட்டுக்குள்ள, அதுக்குத் தனியா வனத்துறை செக்போஸ்ட். அருவியைப் பார்த்துட்டு அப்படியே மலைமேல தேயிலைத் தோட்டம் இருக்க மாஞ்சோலைக்கு ஏறிரலாம்னு நினைச்சு வர்றவங்கதான் அதிகம் ஏமாறுறாங்க. சொந்த வண்டியில மாஞ்சோலை போக வனத்துறையோட முன் அனுமதி வேணும், அன்னைக்கு வந்து கேட்டா கிடைக்காது. முதல் பிக்னிக்ல அதைச் சேர்க்காதீங்க.

கூட்டமே வேண்டாம்னா: களக்காடு தலையணை. பச்சையாத்துத் தண்ணி, குளிர்ந்து கிடக்கும். இதுவும் வனத்துறை இடம்தான், நுழைவுக் கட்டணம் உண்டு, வெள்ளம் வந்தாலும் காட்டுத்தீ காலத்துலயும் அடைச்சிருவாங்க.

தண்ணியே வேண்டாம், பிள்ளைங்களுக்குப் பார்க்க ஏதாவது வேணும்னா: கூந்தன்குளம். மூலக்கரைப்பட்டி வழியா போகணும். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை எல்லாம் ஊருக்குள்ள வீட்டு வாசல் மரத்துலயே கூடு கட்டியிருக்கும், குளத்துல பூநாரையும் வரும். ஜனவரியில இருந்து ஏப்ரலுக்குள்ள, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போங்க. அந்த ஊர் ஜனங்க பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி கூட வெடிக்கிறதில்லை, நம்ம போய் ஹாரன் அடிக்கக் கூடாது. மழை பொய்ச்ச வருஷம் குளம் வத்திக் கிடக்கும், அப்போ போனா ஏமாற்றம்தான்.

குற்றாலத்தை நான் பட்டியல்ல கடைசியில வைக்கிறேன், பிடிக்காம இல்லை, முதல் தடவைக்கு அது வேண்டாம்னுதான். 2019 நவம்பர்ல இருந்து தென்காசி தனி மாவட்டம், அதனால குற்றால நிலவரத்தை அந்த மாவட்டச் செய்தியிலதான் தேடணும்.

4. முந்தின நாள் சாயங்காலம் விசாரிங்க

இதைச் செய்யாததாலதான் எங்க ரெண்டு பயணமும் கெட்டுச்சு, அதனால நீட்டிச் சொல்றேன்.

லோக்கல் பேப்பர்ல தினமும் அணை நீர்மட்டம் போடுவாங்க. பாபநாசம் அணை முழுக் கொள்ளளவு 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. இந்த மூணு எண்ணையும் போன்ல குறிச்சு வச்சுக்கங்க. பாபநாசம் 140ஐத் தொட்டு நிக்குதுன்னா மேல ஒரு மழை பேஞ்சாலும் உபரித் தண்ணியைத் திறந்து விட்டுருவாங்க, அப்போ கீழ படித்துறையில குளிக்கப் போகாதீங்க. மழையே இல்லாட்டியும் கார், பிசானம்னு சொல்ற ரெண்டு போக நெல் சாகுபடிக்குத் தண்ணி திறந்தா ஆத்து மட்டம் ஏறும். பாளையங்கோட்டையில வெயில் கொளுத்திக்கிட்டு இருக்கும், காரையார்ப் பக்கம் கொட்டிக்கிட்டு இருக்கும், ரெண்டும் ஒரே நாள்ல நடக்கும், நம்ம வீட்டு வாசல்ல நின்னு வானத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க.

அப்புறம், புலிகள் கணக்கெடுப்பு நடக்குற நாள்ல இந்த அருவிக் காடெல்லாம் சேர்ந்த களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ள சுற்றுலாவை நிறுத்தி வைப்பாங்க. அதுவும் பேப்பர்லயே வரும். சந்தேகம்னா அம்பாசமுத்திரத்துலயோ பாபநாசத்துலயோ இருக்க தெரிஞ்ச கடைக்காரர், ஆட்டோக்காரர் யாருக்காவது ஒரு போன் போட்டு, "அண்ணாச்சி, இன்னைக்கு உள்ள விட்டாங்களா"ன்னு கேட்டா முடிஞ்சுது. அப்படி யாரையும் தெரியாதுன்னா முதல் தடவை போறப்பவே ஒரு ஆட்டோ அண்ணாச்சி நம்பரை வாங்கி வச்சுக்கங்க, எங்களுக்கு இப்ப அப்படித்தான் ஓடுது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை நம்பர் 1077, வெள்ளம், தண்ணி திறப்பு மாதிரி விஷயத்துக்கு அங்கயும் கேட்கலாம்.

மாத்து இடம் ஒன்னு எப்பவும் கையில இருக்கட்டும். பாபநாசம் இல்லைன்னா திருப்புடைமருதூர், மழைன்னா கொக்கிரகுளத்துல இருக்க அறிவியல் மையம், பிள்ளைங்களுக்கு ரெண்டு மூணு மணி நேரம் போயிரும்.

5. வண்டி

நாலு அஞ்சு பேர்னா ரயில், பஸ்ஸே போதும். திருநெல்வேலி செங்கோட்டை பாசஞ்சர்ல அம்பாசமுத்திரத்துல இறங்கி அங்கிருந்து பாபநாசத்துக்கு பஸ்ஸோ ஆட்டோவோ. வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டுல இருந்து நேரா பாபநாசம் பஸ்ஸும் இருக்கு. பெண்களுக்கு இலவசம்ங்கிறது சாதாரண டவுன் பஸ்லதான், வெளியூர் பஸ்ல டிக்கெட் எடுக்கணும், ஏறினதுக்கு அப்புறம் சங்கடப்படாதீங்க.

பத்துப் பேருக்கு மேலன்னா வேன். போன தை மாசம் எங்க 13 பேருக்கு ஒருநாள் வேன் 6,000 ரூபாயும் டிரைவர் பேட்டா 500ம் ஆச்சு. உங்களுக்கு ஏறலாம் இறங்கலாம், ஆனா பேசுறப்பவே நாலு கேள்வி கேட்டுருங்க. வாடகை நாள் கணக்கா கிலோமீட்டர் கணக்கா? கிலோமீட்டர்னா நம்ம வீட்டு வாசல்ல இருந்தா, இல்ல ஷெட்டுல இருந்து, அதாவது வேன் நிக்கிற இடத்துல இருந்து, திரும்ப ஷெட்டுக்கா? டீசல் உள்ளயா வெளியவா? பார்க்கிங், செக்போஸ்ட் கட்டணம் யாரு குடுக்கணும்? எங்களுக்கு முதல் தடவை ஷெட்டு கணக்குல 40 கிலோமீட்டர் கூடுதலா போட்டாங்க, முன்னாடியே கேட்காததால வாயைத் திறக்க முடியலை. இப்ப பேசினதை எல்லாம் அப்படியே வாட்சப்ல ஒரு மெசேஜா அனுப்பி "சரி"ன்னு பதில் வாங்கிக்கிறோம்.

காசு குறையுதுன்னு வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுக்காதீங்க. சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டி விபத்துன்னு ஆச்சுன்னா இன்சூரன்ஸ் கிடைக்கிறது பெரிய சிக்கல். மஞ்சள் போர்டான்னு பார்த்துட்டு, பெர்மிட், எஃப்சி (வண்டி ஓடத் தகுதின்னு தர்ற சான்று), இன்சூரன்ஸ் மூணும் எந்தத் தேதி வரைக்கும் இருக்குன்னு தெரியுற மாதிரி போட்டோ அனுப்பச் சொல்லிக் கேளுங்க, நல்ல டிரைவர் யாரும் அதுக்குக் கோபப்பட மாட்டாங்க.

6. காகிதமும் காசும்

சொந்த வண்டின்னா லைசன்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று. பெரியவங்க ரெண்டு பேரோட ஆதார் அட்டை அசலா கையில இருக்கட்டும். செக்போஸ்ட்ல வண்டி நம்பர், எத்தனை பேரு, எந்த ஊருன்னு எழுதிக்குவாங்க, அதனால ஆளு எண்ணிக்கையைச் சரியா சொல்லுங்க.

காசு கண்டிப்பா நோட்டா எடுத்துட்டுப் போங்க. மலைக்கு மேல சிக்னல் கிடைக்காது, ஜிபே எல்லாம் வேலைக்கு ஆகாது. ஆளுக்கு ஒரு கட்டணம், வண்டிக்கு ஒரு கட்டணம்னு இருக்கும், 50ம் 100மா ஒரு 1,500 ரூபாய் தனியா ஒரு பர்ஸ்ல போட்டு ஒரே ஆள்கிட்ட குடுத்துருங்க. குடுத்த ரசீதைக் கீழ இறங்குற வரைக்கும் தொலைக்காதீங்க. பெரியவங்க மாத்திரைச் சீட்டு, பிள்ளைங்களுக்கு வாந்தி மாத்திரை, ஒரு கட்டுத்துணி, டெட்டால்.

7. செக்போஸ்ட்ல பையைத் திறப்பாங்க

ஒருநாள் எங்களுக்கு முன்னாடி நின்ன வண்டியில நடந்ததைச் சொல்றேன். ஒரு பெரிய பையைக் கவிழ்த்தாங்க, சிப்ஸ் பாக்கெட் ஏழு எட்டு, பிளாஸ்டிக் தட்டு ஒரு கட்டு, தண்ணி பாக்கெட் ஒரு மூட்டை, அடியில ரெண்டு மதுப் பாட்டில். அந்த வீட்டு அம்மாவுக்கு பாட்டில் இருந்ததே தெரியாது போல, முகம் செத்துப் போச்சு, பிள்ளைங்க வேற பார்த்துக்கிட்டு நிக்குதுங்க. அரை மணி நேரம் போச்சு, நாள் கெட்டது மிச்சம். அதனால கிளம்புறதுக்கு முன்னாடி வீட்லயே ஒரு தடவை எல்லார் பையையும் நீங்களே பார்த்துருங்க, கூட வர்ற ஆம்பளைங்க பை உட்பட, கூச்சப்படாதீங்க.

ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடுற பிளாஸ்டிக் 2019 ஜனவரி 1ல இருந்து தமிழ்நாடு பூரா தடை, காட்டுக்குள்ள இன்னும் கண்டிப்பு. முறுக்கு, சீவல் எல்லாம் டப்பாவுல மாத்திருங்க. தண்ணிக்கு எவர்சில்வர் குடம், தம்ளர். பைக்கு மஞ்சப்பை. அடுப்பு, கேஸ் ஸ்டவ் கூடாது, காட்டுல தீ மூட்டக் கூடாது.

கேட் சாயங்காலம் அடைச்சிருவாங்க, மத்தியானத்துக்கு மேல போய் நின்னா உள்ள விட்டாலும் நேரம் பத்தாது. ஒன்பது மணிக்கு செக்போஸ்ட்ல நிக்கிற மாதிரி கிளம்புங்க, அதாவது பாளையங்கோட்டையில இருந்து ஏழரைக்கு.

8. சாப்பாடு

புளியோதரைதான் நம்பகமான சாப்பாடு, சாயங்காலம் வரைக்கும் தாங்கும். தொட்டுக்க தேங்காய்த் துவையலைக் கெட்டியா அரைச்சு எடுத்துக்கங்க, ஆனா அதை முதல் பந்தியிலேயே தீர்த்துரணும். கூட்டாஞ்சோறு எல்லாருக்கும் ஆசைதான், பருப்பும் காயும் சேர்ந்தது, வெயில்ல மத்தியானத்துக்குள்ள நுரை கட்டிரும், அதை மார்கழி, தையில மட்டும் வச்சுக்கங்க. தயிர் சாதத்தைப் பாலு நிறைய ஊத்தி ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டுப் பிசைஞ்சு எடுத்துட்டுப் போனா சாப்பிடுறப்ப சரியா இருக்கும், இது அத்தை சொல்லிக் குடுத்தது. வாழை இலையைத் துடைச்சு, நறுக்கி, ஈரத்துணியில சுருட்டி வைங்க. சாப்பிட்ட இலையைத் திரும்பக் கொண்டு வர ஒரு சாக்கு.

விரிக்க பத்தமடைக் கோரைப் பாய். போற வழியிலேயே சேரன்மகாதேவிக்குப் பக்கத்துலதான் பத்தமடை. பட்டு மாதிரி நெய்யுற பாய் விலை கூட, அது வேண்டாம், சாதாரண முரட்டுப் பாய் ரெண்டு வாங்கிட்டா வருஷக்கணக்குல வரும்.

பாபநாசத்துக் குரங்குகளைப் பத்திச் சொல்லியே ஆகணும். பை கையில இருந்தாலும் பிடுங்கும். சாப்பாட்டுத் தூக்கை வேனுக்குள்ள பூட்டி வச்சுட்டு குளிக்கப் போங்க, கண்ணாடியை ஏத்தி விடுங்க. குரங்குக்குச் சோறு போட்டு போட்டோ எடுக்காதீங்க, அடுத்த நிமிஷம் பிள்ளை கையைத்தான் பிடிக்கும்.

9. தண்ணிக்குள்ள இறங்குறப்ப

புது இடத்துல இறங்குறதுக்கு முன்னாடி துணி துவைச்சுக்கிட்டு இருக்க உள்ளூர்க்காரங்க யாரையாவது கேளுங்க, "இங்க கசம் இருக்கா"ன்னு. கசம்னா ஆத்துக்குள்ள திடீர்னு ஆழம் விழுற பள்ளம். மேல தண்ணி அமைதியா தெரியும், அடியில இழுக்கும். ஒரு பெரியவர் எங்ககிட்ட, "அந்தப் பாறைக்கு அங்கிட்டு கசம் கெடக்கு தாயி, பிள்ளையள விட்டுராதீங்க"ன்னு சொன்னாரு. அவர் சொல்லலைன்னா எங்க கொழுந்தன் நேரா அங்கதான் குதிச்சிருப்பான். மணல் அள்ளின இடத்துலயும் இதே ஆபத்துதான்.

பாபநாசம் படித்துறையில பரிகாரம்னு ஆத்துல விட்ட துணி அடியில கிடக்கும், காலைச் சுத்திக்கிட்டா நீச்சல் தெரிஞ்சவங்களுக்கே பதட்டம் வரும். படியைத் தாண்டிப் போகாதீங்க. நீங்களும் துணியை விடாதீங்க, நாம குடிக்கிற தண்ணி அது.

அருவியில சோப்பு, ஷாம்பு, எண்ணெய் வேண்டாம், குற்றாலத்துல இதுக்கெல்லாம் தடையே இருக்கு. நகையை வீட்லயே கழட்டி வச்சுட்டு வாங்க. படித்துறையில உடை மாத்த இடம் இருக்காது, பழைய சேலை ரெண்டு எடுத்துட்டுப் போனா பெண்கள் சுத்தி நின்னு மறைச்சுக்கலாம். கழிப்பறைக்கு அம்பாசமுத்திரத்துலயே ஒரு தடவை நிறுத்திருங்க, பெண்கள் கேட்கத் தயங்குவாங்க, டிரைவர்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க.

எல்லாத்துக்கும் மேல இது. 2024 மே மாசம் பழைய குற்றாலத்துல திடீர்னு வெள்ளம் வந்து நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் போயிட்டான். காட்டாத்து வெள்ளம் சொல்லிட்டு வராது, ஆனா சில சமயம் அடையாளம் காட்டும். தெளிவா ஓடின தண்ணி கலங்கும், செம்மண் நிறமாகும், சருகும் குச்சியும் மிதந்து வரும், சத்தம் மாறும். தலையணையில ஒரு தடவை நாங்க எல்லாரும் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தப்ப கரையில இருந்த அத்தை எந்திரிச்சு நின்னு, "ஏளா, தண்ணி கலங்கி வருது பாரு, பிள்ளையள மேல கூப்பிடு"ன்னு ஒரே சத்தம். அன்னைக்குத் தண்ணி ஒரு ஜாண்தான் ஏறுச்சு. ஆனாலும் அப்போ இருந்து எங்க குடும்பத்துல ஒரு பெரியவங்க குளிக்காம, போனைப் பார்க்காம, தண்ணியை மட்டும் பார்த்துக்கிட்டு கரையில உக்காரணும்னு வச்சிருக்கோம். அரை மணிக்கு ஒரு ஆள் மாத்திக்குவோம். தண்ணி நிறம் மாறினா சாமான் எடுக்காதீங்க, செருப்பு எடுக்காதீங்க, பிள்ளையைத் தூக்கிட்டு மேல ஏறுங்க. அவசரத்துக்கு 108. சிக்னல் இல்லைன்னா செக்போஸ்ட்டுக்கு ஒரு ஆளை ஓட விடுங்க.

10. திரும்புறது

மூணரைக்குப் பாயைச் சுருட்டிருங்க. ஈரத்துணியை ஒரு சாக்குல, எச்சில் இலையை இன்னொரு சாக்குல. ஆளை எண்ணி ஏத்துங்க, 13ன்னா 13 வந்தாச்சான்னு ஒருத்தர் மட்டும் எண்ணணும், ரெண்டு பேர் எண்ணினா குழப்பம் வரும். கல்லிடைக்குறிச்சியில நிறுத்தி அப்பளக்கட்டு வாங்கிக்கங்க, கடை அடைக்கிறதுக்கு முன்னாடி போக அந்த மூணரை சரியா இருக்கும்.

எங்களுக்கு அன்னைக்கு வேன், பேட்டா, கட்டணம், டீ, பாய், அப்பளம் எல்லாம் சேர்த்து 8,400 ரூபாய், தலைக்கு 650க்குக் கொஞ்சம் கம்மி. வீட்டுக்கு வந்ததும் பாயைத் தண்ணியில அலசி நிழல்ல காயப் போடுங்க, ஈரத்தோட சுருட்டி வச்சா பூஞ்சை பிடிச்சு அடுத்த பயணத்துக்கு ஆகாது.